இரண்டு கல்லுக்கும் ஒரே வேட்டி

பிள்ளைகளா, தண்ணீர் திறந்த மறுநாள் ஊரே மேளத்தோடு வாய்க்கால் கரைக்குப் போகும்போது நாம் மட்டும் ஏன் கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டீர்கள். அம்மா பேச்சை மாற்றி உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் பத்தாவதோடு நின்றவன், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை வாயால் சொன்னால் பாதியில் கோபம் ஏறிக் கெட்டவார்த்தை வந்துவிடும். எழுதினால் அந்த வார்த்தையை அடித்துவிடலாம். அதனால் எழுதுகிறேன்.

வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கல் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். இப்போது நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த கம்பி கிரில் இருக்கிறது. முன்னால் அது கிடையாது. ஒரு கல் நம் ஊரை ஆண்ட பாளையக்காரர். இன்னொன்று அவருடைய காவல்காரர். கோட்டை இருந்த இடத்தில் இன்றைக்குத் திராட்சைப் பந்தல்.

எனக்குக் கதை சொன்னவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கும்பினிப் பட்டாளம், அதாவது வெள்ளைக்காரன் பட்டாளம், வந்தபோது காவல்காரரைப் பிடித்து மலையடியில் கட்டிப்போட்டுவிட்டார்கள். கோட்டைச் சாவியைக் கொடுத்தால் ஆளை விடுகிறோம் என்று செய்தி வந்தது. பாளையக்காரர் ஒரு வெடிகூட வெடிக்காமல் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாளையம் போய்விட்டது. சொந்தக்காரர்கள் சேர்க்கவில்லை. இருவரும் ஓடைக்கரையில் குடிசை போட்டுக் கிடந்து, ஒரே காய்ச்சலில் அடுத்தடுத்துச் செத்தார்கள். மூடிப் புதைக்க அந்தக் குடிசையில் ஒரு வேட்டிதான் இருந்ததாம். இரண்டு பேரையும் சேர்த்து அதில் சுற்றிப் புதைத்தார்களாம்.

அதனால்தான் ஒரே வேட்டி. முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்த மறுநாள் காலையில் புது எட்டு முழ வேட்டியை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து, இரண்டு கல்லையும் சேர்த்துச் சுற்றுவார்கள். ஒரு கல்லைச் சுற்றி, நடுவில் குறுக்கே வந்து, அடுத்த கல்லைச் சுற்றி, எட்டுப் போட்ட மாதிரி வரும். முடிச்சுப் போடக்கூடாது. கடைசி நுனியைச் செருகிவிட வேண்டும், அவ்வளவுதான். இதை ஒரு ஆள் செய்ய முடியாது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று துணியைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோக வேண்டும். அது நம் வீட்டு முறைமை. உங்கள் தாத்தா போன பிறகு நானும் உங்கள் சித்தப்பாவும்தான் கட்டினோம். நுனியைச் செருகிய பிறகுதான் வயல் மடைகளைத் திறப்பார்கள்.

இத்தனை வருஷமாக இரண்டு ஆம்பளைக் கல்லுக்கு ஒரே வேட்டி கட்டிய ஊருக்கு, ஒருநாள்கூட ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாளையக்காரருக்கு அப்போது மரியாதை கிடையாது. ‘சாவி குடுத்தவன்’ என்றுதான் பேர். வருஷத்தில் ஒருநாள் கும்பிடுவதும், மற்ற நாள் ஏசுவதும். நாங்கள் கபடி விளையாடப் பக்கத்து ஊருக்குப் போனால், “சாவி குடுத்த ஊர்க்காரக வந்துட்டாக, வீட்டப் பூட்டிக்கங்கப்பா” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு மற்ற ஊர்த் தியாகிகளைப் பற்றிப் பேசுவோம். எங்கள் ஊரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஊராகச் சிலையும் மண்டபமும் கேட்க ஆரம்பித்தது. நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தூக்கம் போனது. உரக்கடை வைத்திருக்கிறாரே, அவர் ஒரு கமிட்டி போட்டுத் தானே தலைவர் ஆனார். தியாகி வேண்டும். கடையில் வாங்க முடியாது. இருக்கிற சரக்கைத்தான் தியாகி ஆக்க வேண்டும். ரிட்டயர் ஆன சரித்திர வாத்தியார் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் ஒரு கோடை விடுமுறையில் புஸ்தகம் எழுதி முடித்துவிட்டார். அதில் என்ன கண்டுபிடிப்பு தெரியுமா? பாளையக்காரர் கொடுத்தது தப்புச் சாவியாம். கும்பினிக்காரன் அதைப் பூட்டில் விட்டுத் திருகிக்கொண்டே நின்றானாம். அது போர்த்தந்திரமாம். இது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். செவிவழிச் செய்தி என்றார். யார் செவி என்று கேட்டதும் புஸ்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

படமும் இல்லை. யாருக்கும் அவர் முகம் தெரியாது. தேனியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் தலைவருடைய மச்சினன் முகத்தை வைத்து, தலைப்பாகை கட்டி அடித்துக் கொடுத்தார்கள். முதல் வருஷம் மீசை என் மீசை அளவுக்கு இருந்தது. அடுத்த வருஷம் காதைத் தொட்டது. அதற்கடுத்த வருஷம் கையில் வாள் வந்தது, அப்புறம் குதிரை வந்தது. மச்சினன் அந்தப் போர்டுக்குக் கீழே நின்று டீ குடிப்பான். எவனும் சிரிக்க மாட்டான். நேற்றுவரை சாவி குடுத்தவன் என்று ஏசிய அதே வாய்கள் ‘முதல் விடுதலை முழக்கம்’ என்று கத்தின. அதற்கு ஒருத்தன் முகத்திலாவது கூச்சம் தெரியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை.

இனி உங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆட்டம். கரகக்காரர்கள் வந்தால் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான். நடையில் ஒரு அசைவு உண்டு. அதற்காகத் தெருவில் அவனை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் உங்கள் பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் காதுக்கு வந்தால், சொன்னவன் ஒன்றும் தெரியாத பயல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதாக எனக்குத் தெரிந்தால் முதுகுத் தோல் இருக்காது.

சென்னைக்குப் போனான். சினிமாக் கூட்டத்தில் கடைசி வரிசையில் கொஞ்ச நாள் ஆடினான். பிறகு நவீன நடனம் சொல்லித்தருகிற ஒரு அம்மாவிடம் சேர்ந்தான். அது பரதநாட்டியம் மாதிரி முத்திரை பிடிப்பதும் இல்லை, சினிமா மாதிரி வரிசையாகக் குதிப்பதும் இல்லை. நடப்பார்கள், விழுவார்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் வாங்கிக்கொள்வார்கள். முதலில் பார்த்தபோது, நெல் மூட்டை இறக்குகிறவர்கள் சத்தம் போடாமல் ஒருவருக்கொருவர் அனுசரித்து வேலை செய்வார்களே, அது மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. ஜெர்மனிக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே இருந்தாலும் வேட்டி கட்டுகிற நாளுக்கு ஊருக்கு வந்துவிடுவான். தனக்கு ஆட்டம் ஆரம்பித்ததே அந்தக் கல்லுக்கு நடுவில் துணியைக் கை மாற்றும்போதுதான் என்று சொல்வான்.

ஒரு தடவை ஒரு ஆளைக் கூட்டிவந்தான். கூட ஆடுகிறவர், மலையாளி. குமுளிக்கு அந்தப் பக்கம் மிளகுத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கடையில் நான் மோட்டார் ஸ்டேட்டருக்குள் கையை விட்டுக் கம்பி கோத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே கிடந்த கம்பித் துண்டைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, “அண்ணே, இவன் எனக்கு ஃப்ரெண்டு மட்டும் இல்ல” என்றான்.

“தெரியும்டா. அவுகளுக்கு டீயா காப்பியா, கேளு” என்றேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், இதில் இவ்வளவுதான் இருக்கிறது. சில ஆம்பளைகளுக்கு ஆம்பளை மேல்தான் பிரியம் வரும். உங்கள் சித்தப்பா அப்படி. அவனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது, உங்கள் அம்மாவுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஊருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த மலையாளி பால் இல்லாத கட்டன் சாயா போதும் என்றார்.

உங்களில் சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், தலைவர் கடைக்கு வந்தார். சித்தப்பாவின் படம் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. “ஏப்பா, ஒன் தம்பி ஜெர்மனில ஆடுறானாம்ல. நம்ம தியாகிக்கு ஆட மாட்டானா? மந்திரிக்கு வேண்டியவுக வாராக, மணிமண்டபத்துக்கு ஒரு வார்த்த சொல்லுவாக” என்றார். மணிமண்டபம் வந்தால் அதுக்குத் தார்ரோடு வரும், தார்ரோடு வந்தால் பக்கத்தில் தலைவருடைய நிலம் பிளாட் ஆகும். இது ஊரில் ஆடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும்.

சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். அவன், நான் சாவி குடுத்த கதையைத்தான் ஆடுவேன், அதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடு என்றான். சொன்னேன். தலைவர், அதைத்தானப்பா நாங்களும் கேட்கிறோம் என்றார். அவர் மனசில் தப்புச் சாவியும் குதிரையும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மறு வாரம் பஸ் ஸ்டாப்பில் போர்டு வைத்தார்கள். ‘ஜெர்மனி புகழ் மண்ணின் மைந்தர்’. மீசையே வைக்காத உங்கள் சித்தப்பாவுக்கு அதில் பெரிய மீசை ஒட்டியிருந்தது.

ஆட்டம் வேட்டி கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பள்ளிக்கூட மைதானத்தில். முன் வரிசையில் சோபா. தலைவர், வாத்தியார், மந்திரிக்கு வேண்டியவர், மச்சினன். சென்னையிலிருந்து வீடியோ எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தம்பி இப்படி என்று தெரிந்தபோது உங்களுக்கு எவ்வளவு அதிர்ச்சியாக இருந்தது என்று கேமராவை மூக்குக்கு நேரே நீட்டினார்கள். அதிர்ச்சி இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். படிக்காதவன் என்றால் அதிர்ச்சி அடைந்தே ஆக வேண்டும் போலிருக்கிறது.

மேடையில் சித்தப்பாவும் அவன் நண்பரும் மட்டும். தலைப்பாகை இல்லை, வாள் இல்லை. ஒரு எட்டு முழ வேட்டி. ஒருவர் நுனியை மற்றவர் பிடித்து மடிக்கிறார்கள், விரிக்கிறார்கள். அந்தத் துணியே கயிறாகி, நண்பரைத் தரையோடு கட்டிப்போட்டுவிட்டது. சித்தப்பா எழுந்து எழுந்து விழுந்தான். ஒவ்வொரு தடவையும் விழுகிற சத்தம் பலகையில் கேட்டது. பிறகு இடுப்பிலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெதுவாக மேடையை விட்டு இறங்கி, நேரே சோபாவுக்கு வந்து தலைவர் முன்னால் கையை நீட்டினான்.

தலைவர் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்று, கும்பிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மச்சினன் கை தட்டினான். கூட்டமும் தட்டியது.

சித்தப்பா திரும்பிப் போய்க் கட்டை அவிழ்த்தான். நண்பர் எழுந்திருக்க முடியாமல் இவன் மேல் சாய்ந்தார். இவன் அவர் தோளில் நெற்றியை வைத்தான். இரண்டு பேரும் அந்த வேட்டியை மெதுவாகத் தங்களைச் சுற்றிக்கொண்டே வந்தார்கள்.  அது நானும் அவனும் வருஷா வருஷம் சுற்றுகிற அதே சுற்று. பின்னால் பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தலைவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கதையில் சாவியை வாங்கினவன் கும்பினிக்காரன் என்று வாத்தியார் அவர் காதில் சொல்லியிருப்பார். தலைவர் மைக்செட்காரருக்குக் கை காட்டினார். கரண்டு போனது. பாட்டு நின்றது. மேடையில் ஆட்டம் நிற்கவில்லை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த இரண்டு பேர் மூச்சுச் சத்தத்திலேயே ஆடி முடித்தார்கள். தலைவர் திட்டுவதற்கு மேடை ஏறினார். மைக் இல்லாமல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஆகவே தானே நிறுத்தச் சொன்ன கரண்டைத் தானே போடச் சொல்லிவிட்டு, அது வரும்வரை ஒரு கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கரண்டு வந்ததும் பேசினார். தியாகியை அசிங்கப்படுத்திவிட்டான், தேசத் துரோகம், நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவரை இப்படி ஆக்கிவிட்டான். நாட்டுக்காக அவர் உயிரைக் கொடுத்தது இவர்கள் அடித்த ஃப்ளெக்ஸில் மட்டும்தான். அடுத்து நண்பர் பக்கம் கையை நீட்டி, “நம்ம தண்ணிய மறிக்கிற ஊர்க்காரன் நம்ம தியாகி மேல கை போடுறான், பாத்துக்கிட்டு இருக்கீகளா” என்றார். கூட்டம் உஷாரானது. கூட்டத்தில் பாதிப் பேர் விடிந்தால் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். தலைவருடைய சொந்த ஏலத்தோட்டமே மலை மேல் கேரளாவில் இருக்கிறது. மூட்டை வரும்போது மலையாளம் கசக்காது, மனுஷன் வரும்போது கசக்கும்.

மறுநாள் காலையில் வேட்டியை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு நானும் சித்தப்பாவும் கல்லுக்குப் போனோம். நண்பர் கொஞ்சம் தள்ளி நின்றார். வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. விவசாயிகள் மண்வெட்டியோடு மடை திறக்கக் காத்து நின்றார்கள். கமிட்டி மைக்கோடு வந்திருந்தது.

தலைவர் என்னைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். குரலில் தேன். “ஒங்க வீட்டு முறைமைய நாங்க பறிக்கல. நீ கட்டு. இன்னொரு கைக்கு என் மகன் வாரான். ஒன் தம்பி அங்கன நிக்கட்டும்.”

“அவன் கை எங்க வீட்டுக் கைதான், தலைவரே” என்றேன்.

“அப்ப மைக்ல ஒரு வார்த்த சொல்லட்டும். ஆடுனது பொய்யின்னு. சொல்லிட்டு வந்து கட்டட்டும். யாரு தடுக்கப்போறா?”

சித்தப்பா கேட்டுக்கொண்டுதான் நின்றான். அவனுக்கு அந்த வேட்டியைக் கட்ட வேண்டும். அதற்காகத்தான் எங்கிருந்தாலும் வருகிறான். இந்த ஊர் அவனுக்கு விட்டுவைத்திருந்த ஒரே இடம் அந்தக் கல்லின் அந்தப் பக்கம்தான். அதுவும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். மைக்கைக் கையில் வாங்கினான். 

“நான் எதையும் புதுசா சொல்லல” என்றான். “ஆள மீக்கத்தான் சாவிய குடுத்தாருன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீக. ஒரே வேட்டில பொதச்சாகன்னும் நீங்கதான் சொன்னீக. பொய்யின்னா, நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.  முந்தின நாள் அழுத பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் வாத்தியாருக்கு ஞானோதயம் வந்தது. மைக்கைப் பிடுங்கினார். மேடைத் தமிழில் ஆரம்பித்தார். “பெரியோர்களே, புதிய ஆய்வின்படி ஓர் உண்மையைச் சொல்கிறேன். இவர்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரர்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவேதான் ஒரே வேட்டி.”

அப்பாடா என்று ஊர் மூச்சுவிட்டது. விசில் பறந்தது. தலைவர் வாத்தியாருக்குத் துண்டு போர்த்தினார். வாத்தியார் ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்திருப்பார் போல. பாளையக்காரர் எந்தத் தெரு, காவல்காரர் எந்தத் தெரு என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்.

காவல்காரர் தெருவிலிருந்து ஒரு கொத்தனார் முன்னால் வந்தார். அவரையும் பெரிய நியாயவான் என்று நினைத்துவிடாதீர்கள். மண்டபக் கட்டுமானம் தனக்குக் கிடைக்குமா என்று கமிட்டி பின்னாலேயே அலைந்தவர். ஆனால் அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

“வாத்தியாரய்யா, ரொம்பச் சந்தோசம். காவக்காரரு எங்க வம்சம். அவரும் ஒங்காளும் ஒரு வகுத்துப் பிள்ளைகன்னா, நாமெல்லாம் பங்காளிகன்னு ஆகிப்போச்சுல்ல?”

வாத்தியார் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பங்காளின்னா பங்கு உண்டு. கோயில்ல மொத மரியாதையில பாதி எங்க தெருவுக்கு. மண்டபத்துல பாதிப் பேரு எங்க பேரு. எங்க வீட்ல ஒரு எழவு விழுந்தா, பொணத்தக் குளிப்பாட்டத் தலைவரு நீர்மாலை எடுக்க வரணும். வருவீகளா, தலைவரே?”

அவர் தெருக்காரர்கள் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் பக்கம் ஒரு முகத்திலும் ரத்தம் இல்லை. சகோதரர் என்றபோது விசில் அடித்த இளவட்டங்கள்தான் முதலில் கத்தினார்கள், யாருக்கு யார்டா பங்காளி என்று. ஒருத்தன் மண்வெட்டியைத் தூக்கினான். பிறந்த நாட்டுக்காக இரண்டு பேரும் சேர்ந்து செத்தார்கள் என்று மேடையில் சொல்லலாம், ஒரு குழியில் கிடக்கலாம், ஆனால் சொந்தம் மட்டும் ஆகிவிடக்கூடாது. பிரியமும் கூடாது, உறவும் கூடாது. அப்படியானால் அந்த ஒரே வேட்டிக்கு என்னதான் அர்த்தம் வைத்திருந்தீர்கள் இத்தனை காலமாக என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. கேட்டால் புரிகிற முகம் ஒன்றும் அங்கே இல்லை.

தலைவர் மைக்கை வாங்கி முடித்துவைத்தார். “வாத்தியாரு வாய் தவறிச் சொல்லிட்டாக. இந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு சம்பந்தமும் கெடையாது. இனிமே தனித்தனி வேட்டி.”

உடனே ஒருவனைக் கம்பம் டவுனுக்குப் பைக்கில் அனுப்பினார்கள். அவன் இரண்டு வேட்டி வாங்கி வரும்வரை மேளக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். விவசாயிகள் வெயில் ஏறுகிறது என்று முனகினார்கள். அவர்களுடைய கவலை அவ்வளவுதான். வந்ததும் தலைவர் மகனும் இன்னொருத்தனும் ஆளுக்கொரு கல்லைப் பொட்டலம் மாதிரி சுற்றி, வழுக்காமல் இருக்க முடிச்சும் போட்டார்கள். மடை திறந்தது. தண்ணீர் பாய்ந்தது. ஒரே வேட்டியை இரண்டாக்கினால் வாய்க்கால் வற்றும் என்று பெரியவர்கள் சொன்னது பொய். நன்றாகவே பாய்ந்தது. அடுத்த மாதம் கிரில் வந்தது. வாத்தியார் புஸ்தகத்தைத் திருத்திப் போட்டார். காவல்காரர் இப்போது அதில் ‘பணியாளர்’.

நான் ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அதைக் கொடியில் காயப்போட்டாள். அடுத்த வாரம் அதைத்தான் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். மோட்டார் புகைந்துவிட்டது என்று இறக்கிவைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “நீங்க செஞ்சதுதான் சரி” என்று சொன்னவர்கள் பலர். பம்ப்செட் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிறவர்கள், இதற்கு மட்டும் ரகசியம். அவர்களுக்கும் காயில் கட்டிக் கொடுத்தேன். வேலையில் குறை வைக்கவில்லை. பேச்சுக்குப் பதிலாகக் கூலியைச் சொன்னேன். தலைவருடைய மோட்டார் மட்டும் இன்றுவரை என் கடைக்கு வந்ததில்லை. உத்தமபாளையம் போகிறது. போகட்டும்.

கல்லிலிருந்து திரும்பிய அன்று மத்தியானமே சித்தப்பாவையும் நண்பரையும் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாப் போர்டில் மீசை வைத்த அவன் முகத்தை யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான், நண்பரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னான். பஸ் வந்த பிறகும் ஏறாமல் நின்றான்.

“அண்ணே, இனி நான் ஊருக்கு வரவா, வேணாமா?”

“ஊருக்கு வராத” என்றேன். “வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் வாங்க.”

அவன் என் கையைப் பிடித்தான். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

அப்படித்தான் வருகிறார்கள். வேட்டி கட்டுகிற நாளில் வருவதில்லை. வேறு நாளில் வந்து, நம் வீட்டில் தூங்கி, நம் கடையில் உட்கார்ந்து, உங்களோடு மாடியில் குட்டிக்கரணம் போட்டுவிட்டுப் போகிறார்கள். திருவிழாவுக்கு நாம் போகாததற்குக் காரணம் இதுதான். சாமி மேல் கோபம் இல்லை, கல் மேலும் இல்லை. அந்தக் கூட்டத்தில் நின்றால் எனக்குக் குமட்டுகிறது.

அடுத்த மாதம் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவின் நண்பரை நீங்கள் ‘அங்கிள்’ என்று கூப்பிடுகிறீர்கள். மீட்டர் பார்க்க வருகிறவரும் உங்களுக்கு அங்கிள்தான், கேபிள்காரரும் அங்கிள்தான். இந்தத் தடவையிலிருந்து அவரையும் சித்தப்பா என்று கூப்பிடுங்கள். தெருவில் வைத்தே, சத்தமாகக் கூப்பிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.